டொக்தோராவின் வால்

இறங்க அரை மணி போதும்.
அதனால்தான் எல்லோரும் இறங்குகிறார்கள்.

விளிம்பில் நின்று பார்த்தால் கிலோத்தோவா
கை நனைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் போலப்
பச்சையாக, பக்கத்தில் இருக்கும்.
மணல்பாதை வேறு
சறுக்கிச் சறுக்கிக் கொண்டுபோய் விட்டுவிடும்.
ஏறுவதைப் பற்றி ஏரி ஒன்றும் சொல்லாது.
சொல்வதற்குத்தான் கரையில்
கோவேறு கழுதையோடு நான் நிற்கிறேன்.
பத்து டாலர்.

டான் ஃபெர்மின் மொரேய்ரா மட்டும்
மேலேயே பேசி வைத்துக்கொண்டார்.
குவாயாகில்காரர். கடல்மட்டத்தில் பழகிய நுரையீரல்.
கழுதையின் பெயர் கேட்டார்.
டொக்தோரா என்றேன்.
"நல்லதாயிற்று, எனக்கு வைத்தியர்தான் தேவை."
அவர் பையில் இடமில்லை.
மூன்று தண்ணீர்ப் புட்டிகளை
என் சால்வையில் முடிந்து முதுகில் போட்டுக்கொண்டேன்.

முப்பத்தொரு வருடம் எடைமேடையில் வேலையாம்.
லாரி ஏறி நிற்கும், முள் நகரும்,
கூடுதல் என்றால் திருப்பி அனுப்புவார்.
"உங்கள் ஏரியின் பெயரிலேயே கிலோ இருக்கிறது,
வராமல் இருக்க முடியுமா?"
இந்த நகைச்சுவையை
வழியில் வந்த ஜெர்மன்காரர்களிடமும் சொன்னார்.
அவர்கள் சிரிக்கவில்லை.

கரையில் உட்கார்ந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார்.
முகம் சுளித்தார்.
எல்லோரும் செய்வதுதான்.
டொக்தோரா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்,
எவ்வளவு தாகமானாலும்.
ஓரத்தில் குமிழ்கள் வந்துகொண்டிருந்தன,
அடியில் யாரோ கஞ்சி காய்ச்சுவது போல.

பொழுது போகாமல் எடை சொன்னார்.
படகோட்டும் பையன் அறுபத்து நான்கு.
டொக்தோரா இருநூற்றைம்பது, வயிற்றில் புல்லோடு.
நான் ஐம்பத்தேழு.
என்னை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.
அதைப் பெண்களிடம் சொல்லலாமா என்றேன்.
லாரி கோபித்துக்கொள்ளாது என்றார்.

மேகம் இறங்கி ஏரி ஈயமானது.
கிளம்பலாம், ஏறுங்கள் என்று சேணத்தை இறுக்கினேன்.
அவர் ஏறவில்லை.

"நான் நூற்றுப் பதினெட்டு."
தாங்குவாள் என்றேன்.
"எல்லா லாரிக்காரனும் இதைத்தான் சொல்வான்."

பணம் திருப்பித் தர மாட்டேன் என்றேன்.
கேட்கவில்லையே என்றார்.
பையை மட்டும் ஏற்றினார்.
முதல் திருப்பத்தில் நின்றார். இரண்டாவதில் உட்கார்ந்தார்.
மூன்றாவதில் அவர் உதடு
கத்திரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தது.
எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது,
உண்மையைச் சொன்னால் அவருக்காக மட்டும் இல்லை.
போன வருடம் ஒருவர் விழுந்ததில்
இரண்டு மாதம் எங்கள் யாருக்கும் பிழைப்பில்லை.

வாலைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பிடித்துக்கொண்டார்.
முன்னால் நான், நடுவில் அவள்,
பின்னால் கோயில் மணிக்கயிறு பிடித்தவர் போல
அந்தப் பெரிய மனிதர்.
அவள் உதைக்கவில்லை.
ஒரு தடவை முகத்துக்கு நேரே காற்றுப் பிரித்தாள்.
"வைத்தியர் மருந்து கொடுத்துவிட்டார்" என்று
இருமலுக்கு நடுவில் சொன்னார்.
நானும் சிரித்தேன், மூச்சு வீணாகிறதே என்று தெரிந்தும்.

இரண்டே கால் மணி நேரம்.
விளிம்பில் காற்று தொப்பியைப் பிடுங்கியது.
வாலை விட்ட பிறகும்
அவர் விரல்கள் விரியவில்லை.
பன்னிரண்டு டாலர் கொடுத்தார்,
இரண்டு டொக்தோராவுக்கு என்றார்.
பேருந்து ஜன்னலில் கை தெரிந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை சும்பாவா சந்தையில்
உருளைக்கிழங்குத் தராசு காலியாக இருந்தது.
ஏறி நின்றேன்.
மூட்டைக்கு என்ன விலை என்று கடைக்காரன் கேலி செய்தான்.
ஐம்பத்து நான்கு.

முப்பத்தொரு வருடம் பார்த்த கண் பிசகிவிட்டதே என்று
எனக்கு ஏனோ வருத்தமாக இருந்தது.
வீட்டுக்கு வரும் வழியில், பாதிச் சரிவில்தான்
முதுகுக்கு நினைவு வந்தது:
அன்றைக்கு அவர் தண்ணீர்.