ஐந்தாம் வார வகுப்பு

டெப்ரெசென், நவம்பர்.
ஹீட்டர் இன்னும் முனகிக்கொண்டுதான் இருக்கிறது.
"ஏன் இந்த நாடு?"
பலகையில் எழுதிவிட்டுத் திரும்புகிறேன்.

அவர்கள் கையில் இருப்பது
நூற்றிருபது ஹங்கேரியச் சொற்கள்.
காரணமும் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

"ரொட்டி மலிவு" என்கிறான்
லுவாண்டாவிலிருந்து வந்த எசேக்கியாஸ்.
கட்டணம் என்ற சொல்
பத்தாம் பாடத்தில்தான் வரும்.

"இங்கேயும் கடல் இல்லை."
மங்கோலியாவின் செரென்துலாம்.
எல்லோரும் சிரிக்கிறார்கள், அவளைத் தவிர.

ஏமன் நாட்டு சுஹைப்
வெகுநேரம் கூரையில் தேடுகிறான்.
"கதவு."
வினைச்சொல் எங்கே என்கிறேன்.
ஜன்னல், மேசை, அண்ணன், நேற்று
உதடுவரை வந்து திரும்புகின்றன.
"மற்ற கதவு, நேற்று, இல்லை.
இந்தக் கதவு, இன்று."

இலக்கணப்படி அரை மதிப்பெண்.
முழுதாகவே போட்டேன்.

டிராமில் நின்றபடி வீடு திரும்புகையில்
எனிகோ நினைவுக்கு வந்தாள்.
ராட்டர்டாமுக்கு அவள் பெட்டி கட்டிய இரவு
நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன்.
தாய்மொழியின் அத்தனை சொற்களும்
கைவசம் இருந்தவள்
நிமிராமலே சொன்னாள்:
"சும்மாதான்மா."

ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது.
பெட்டிமேல் முழங்காலை ஊன்றி
நான்தான் இழுத்து மூடினேன்.