மூன்று நிமிடம் நாற்பது நொடி

அமெரிக்காவுக்கு அனுப்ப வீடியோ வேண்டும் என்றார்கள்.
நான்கு நிமிடம் தாண்டினால்
அங்கே யாரும் பார்க்க மாட்டார்களாம்.
சுகிர்தாவின் ஆறு வருஷத்தை
அவள் அண்ணன் நகுலன்
திருநகர் மைதானத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி
கைபேசியில் எடுத்துவைத்திருந்தான்.

பசுமலையில், சடங்கு வீடியோ வெட்டுகிற ஸ்டூடியோ.
கோல் விழும்போதெல்லாம்
ரோஜா இதழ் கொட்டுவதை நிறுத்தவே
அரைமணி நேரம் ஆயிற்று.
நாதஸ்வரம் வேண்டாம் அண்ணே,
மட்டை படுகிற சத்தம் மட்டும் இருக்கட்டும் என்றேன்.
அவள் தலைக்கு மேல் ஒரு சிவப்பு வட்டம் போட்டார்
இவள்தான் என்று காட்ட.

பதினான்கு கோல்.
அதில் ஒன்பது, நான் கொடுத்த பந்து.
"பந்து வர்றதெல்லாம் எதுக்கும்மா,
அடிக்கிறதத்தான பாப்பாங்க"
என்று மவுஸை நகர்த்தினார்.
ஒவ்வொரு துண்டும்
என் மட்டையை விட்டுப் பந்து கிளம்பி
ஒரு நொடி கழித்துத் தொடங்கியது.
நானும் தலையாட்டினேன்.
நியாயம்தான். நேரம் குறைவு.

அந்த ஊர்க் கோச் பார்த்திருப்பார்:
வெறும் செம்மண்ணிலிருந்து
தானாகப் புறப்பட்டு வருகிற பந்து,
சரளையில் துள்ளித் தடம் மாறுகிற பந்து,
அது மாறும் இடத்தில்
முன்பே போய் நிற்கிற ஒருத்தி.
பின்னால் பரங்குன்றத்து மலையில் பாதி.
ஒருமுறை குறுக்கே போகும் ஆடு.
(அதை மட்டும் வெட்டாதீங்க என்று கெஞ்சினாள்.
ஆட்டைச் சுற்றிக்கொண்டு போய் அடித்த கோல் அது.)

தை கடைசியில் கடிதம் வந்தது.
படிப்பு, சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.
விமான டிக்கெட் நம்முடையது.
சிம்மக்கல்லில் பழைய டயர் வாங்கி விற்கிற அவள் அப்பா
இரண்டு நாள் கடை திறக்கவில்லை.
சந்தோஷமா, கணக்கா,
யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

விமான நிலையத்தில் பெட்டி எடை கூடுதல்.
உள்ளே வேறெதுவும் எடுக்கத் தக்கதாய் இல்லை போல,
பழைய மட்டையை உருவி என்னிடம் நீட்டினாள்.
"அங்க புதுசு தருவாங்களாம்டி."
என் கைக்கு அது ஓரங்குலம் நீளம்.
வயிற்றெரிச்சல் இல்லையென்றால் பொய்.
பெருங்குடி தாண்டும்வரை பஸ்ஸில்
அந்த ஒன்பது பந்தையும் எண்ணிக்கொண்டு வந்தேன்.
எட்டுதான் வந்தது.
மறுபடி எண்ணினேன்.

"இங்க தரை நீலம்.
மேட்ச்சுக்கு முன்ன தரைக்குத் தண்ணி அடிக்கிறாங்கடி."
எங்கள் தெருவுக்கு லாரி வந்து நான்கு நாள்.
பதிலுக்குக் காலிக் குடத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.
சிரித்தாள்,
எனக்கு விடிந்துவிட்டது,
அவளுக்கு இன்னும் நேற்று.

ஐப்பசி, அதிகாலை நாலரை, மழை.
மாடிவீட்டுக்காரரின் வைஃபையில் விட்டுவிட்டு ஓடுகிறது ஆட்டம்.
அவள் பெயரை மூன்று விதமாக உடைக்கிறார் வர்ணனையாளர்.
நடுக்களத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.
வட்டத்துக்குள் போவது
செம்பட்டைச் சடைக்காரி ஒருத்தியின் வேலை.

முப்பத்தெட்டாம் நிமிடம்
இடமிருந்து சரேலென்று ஒரு பந்து.
அந்தத் தரையில் பந்து துள்ளுவதே இல்லை.
கேமரா பந்தோடு ஓடிற்று.
கோல். சடைக்காரியின் மேல் எல்லோரும் விழுந்தார்கள்.
திரும்பப் போட்டுக் காட்டியபோதும்
பந்து வட்டத்துக்குள் நுழைகிற இடத்திலிருந்துதான்.

நான் பின்னுக்கு இழுத்தேன்.
இன்னும் கொஞ்சம்.
திரையின் இடது ஓரத்தில்
ஒரு மட்டை நுனி,
பதினேழாம் எண்ணில் வெறும் ஏழு,
தரையில் ஊன்றி எழுகிற முழங்கால்.

விரலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.
கைபேசி தப்பாக எடுத்துக்கொண்டு
ஓர் இதயத்தை மேலே பறக்கவிட்டது.

ஆறு மணிக்குப் பயிற்சி.
மைதானம் சகதியாய்த்தான் இருக்கும்.
மட்டை இன்னமும்
ஓரங்குலம் நீளம்.