காலி எடை

செக்கானூரணி விலக்கில் என் எடைமேடை.
ஒரு இரும்புப் பலகை, ஒரு கண்ணாடிக் கூண்டு,
சாமி படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு எண்கள்.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்குக் கண் தெரியாது.
என் மகள் ஏறி நின்றால் காட்டும்.
அவள் புத்தகப்பையை மட்டும் வைத்தால்
அப்படி ஒன்று உலகத்தில் இல்லை.

வரிசை நீளும்போது பேச்சும் நீளும்.
ஒச்சப்பனுக்கு இழுவைதான் எல்லாம்.
பன்னிரண்டு சக்கரம், போன வருஷத்து வண்டி,
எம்-சாண்ட் ஏற்றிக் குமுளி போகிறவர்.
“கணவாயில நாலாவது கியர விட்டு எறங்கமாட்டேன்க்கா.
பின்னால வர்ற பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கமாட்டான்.”
சொல்லும்போது வலது கால் மண்ணை அழுத்தும்.

பீர்முகமதுவிடம் ஒரு டைரி.
அரிசி மண்டி கொடுத்தது, எந்த வருஷத்ததோ.
லிட்டருக்கு நாலு புள்ளி மூன்று.
நாலு புள்ளி ஒன்று (எதிர்க்காற்று).
நாலு புள்ளி நாலு.
நாலரை வந்த ஒரே நாளுக்குச்
சிவப்பு மையில் வட்டம்.
டியூ தேதிகளும் அதே டைரியில்தான்.
“ஏத்தத்துல ஜெயிக்கிற தம்பி,
பங்க்குல தோக்குற.”

அருளப்பன் வண்டிக்கு வயது பதினாலு.
புகையும், ஒழுகும், நின்ற இடத்தில்
ஒரு கறுப்பு ரூபாய் வைத்துவிட்டுப் போகும்.
“நடுவழியில ஒரு ராத்திரி படுத்ததில்ல.
ஒன் வண்டி யூரியா கேக்குது, சென்சார் கேக்குது,
லைட்டு எரிஞ்சா லேப்டாப்போட ஆள் வரணும்.
எனக்கு ரெண்டு ஸ்பேனரு, கொஞ்சம் கட்டுக்கம்பி.”
“அதான் ஆயில் டின்னோட அலையிறீரு!”

“நீ சொல்லு ஜெயக்கொடி” என்பார்கள்.
எனக்கு எஞ்சின் தெரியாது.
பில்லில் ஒரு டன் கணக்கு,
என் மேடையில் இன்னொன்று என்பது தெரியும்.
அதைப் பற்றி மட்டும்
மூவருமே பேசுவதில்லை.

பீர்முகமது வண்டியின் காலி எடை
எப்போதும் 8,640.
ஆனியில் 8,600. கருவிப்பெட்டி இல்லை.
ஆடியில் 8,500.
கூண்டை விட்டு இறங்கிக் குனிந்து பார்த்தேன்.
ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் வெறும் சங்கிலி.
“கனம் கொறைஞ்சா மைலேஜ் கூடும்மா”
என்றார், சீட்டை மடித்தபடி.
டைரி நாலு புள்ளி மூன்றிலேயே நின்றது.
ஆடி மாத டியூவுக்கு நேரே
‘கட்டியாச்சு’ என்றிருந்தது.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் உசிலம்பட்டிக் கணவாயில் நடந்ததை
நான் சண்டையாகத்தான் கேட்டேன்.

“சிமெண்ட் லோடோட டயர் வெடிச்சு நின்னது யாரு?”
“ஸ்டெப்னி குடுத்தது யாரு? என் கெழட்டு வண்டி!”
“குடுத்தீரு. மொட்ட டயரு.”
“மொட்டையோ முடியோ, கம்பம் போய்ச் சேந்துச்சுல்ல?”
“சேத்துல பொதஞ்சத
கயிறு கட்டி இழுத்தது யாரு பாய்?
இழுவைன்னா என்னன்னு அன்னிக்குத் தெரிஞ்சுச்சா?”
“இழுத்த. பதினோரு லிட்டர் குடிச்சு இழுத்த.
எழுதி வச்சிருக்கேன்.”
“எழுதினீரு, குடுத்தீரா?”
“இழுத்து முடிச்சதும் மஞ்ச லைட்டு எரிஞ்சு
விடியவிடிய ஒக்காந்திருந்தியே தம்பி,
கூட ஒக்காந்திருந்தது யாரு?”

டீ மூன்று வந்தது.
காசு யார் கொடுப்பது என்று
அதற்கும் ஒரு சண்டை.

கார்த்திகையில் ஒரு விடிகாலை
பீர்முகமது காலி வண்டியை மேடையில் ஏற்றினார்.
எண்கள் ஓடி, தடுமாறி, நின்றன.
8,600.
கருவிப்பெட்டி இன்னும் வரவில்லை போல.
சீட்டை நீட்டி,
“இந்த வாரம் எவ்வளவு பாய்?” என்றேன்.
டைரியைத் திறக்காமலே
“நாலு புள்ளி ரெண்டு” என்றார்.
எதிர்க்காற்றா என்று கேட்க வாயெடுத்தேன்.
பின்னால் ஒச்சப்பன் ஆரன் அடித்தார்.