பதினேழாம் பக்கம்

சிவாஸ் நகரில் மூன்று நாளாகப் பனி நிற்கவில்லை.
நோன்பு திறக்க இன்னும் அரைமணி.
கடையில் நான், பூனை,
அரை உயிராய் எரியும் கணப்பு.

அப்போதுதான் அவர் வந்தார்.
தொப்பியில் எங்கள் ஊர்ப் பனி,
காலணியில் வேறு ஏதோ ஊர்ச் சேறு.
பருப்பு கேட்கவில்லை, தேயிலை கேட்கவில்லை.
"கடன் நோட்டு இருக்கிறதா?" என்றார்.

மளிகைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது!
மீனிடம் போய், நீ நனைந்திருக்கிறாயா என்பதுபோல.

கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்தேன்,
எண்ணெய் விரல் பட்டுப் பட்டு
முனையெல்லாம் கண்ணாடியாகிப்போன நோட்டை.
"ஏதாவது ஒரு பக்கம் திறங்கள்.
யார் பெயர் என்று எனக்குச் சொல்லவேண்டாம்.
என் பெயரையும் கேட்கவேண்டாம்."
இந்த ஊரில் இது பழைய வழக்கம்,
கேள்விப்பட்டிருக்கிறேன்.
என் கடைப் படியேறி வந்ததில்லை.

இனிச் சொல்லப்போவதை
என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

கட்டைவிரலுக்குக் கண் உண்டு.
பதினேழாம் பக்கம், ஜெவ்தெத்.
ஒன்பதாயிரத்து நானூறு லிரா, இரண்டு குளிர்காலமாக.
செங்கல் சூளையில் வேலை போனதால் குடித்தானா,
குடித்ததால் வேலை போனதா,
அவனுக்கே மறந்துவிட்டது.
வராத பணம்.
நாற்பதாம் பக்கம், முஸெய்யென்.
இரண்டாயிரத்து நூற்றைம்பது.
வந்தே தீரும் பணம்.
தான் ஒருவேளை உண்ணாமல்
சின்னவனின் பாலில் தண்ணீர் கலந்து
மாதக் கடைசியில் வந்தே தீரும்.

நீங்களே கணக்குப் பாருங்கள்.
ஜெவ்தெத்தைத் திறந்தால் லாபம் எனக்கு.
முஸெய்யெனைத் திறந்தால்
வரவேண்டியதுதான் வருகிறது,
ஒரு வாரம் முன்கூட்டி.
அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்,
என்னை நம்பி.

பதினேழைத் திறந்தேன்.

எண்ணிவைத்தார். தாள்கள் ஈரமாக இருந்தன.
பேனாவால் குறுக்கே கோடு இழுத்தேன்.
கை நடுங்கியது;
குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
வாசல்வரை போனவர் திரும்பினார்.
"கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இன்னொரு பக்கம் பாருங்கள்."

செய்த தப்பின் சூடு ஆறுமுன்
இன்னொரு தடவை
எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

நாற்பது.

வியாழக்கிழமை முஸெய்யென் வந்தாள்,
கைக்குட்டை முடிச்சில் சில்லறையோடு.
"உன் கணக்குத் தீர்ந்துவிட்டது."
"யார் கட்டினது?"
"தெரியாது."
"யாரிடம் என் கதையைச் சொன்னாய்?"
"பெயரைக்கூடச் சொல்லவில்லை."
நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன்.
முகத்தில் இருந்ததோ கோபம்,
தன்பாட்டில் நிமிர்ந்து நடந்தவளை
பின்னாலிருந்து யாரோ
அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டதுபோல.

பிறகு முடிச்சை அவிழ்த்தாள்.
"கால் கிலோ ஆலிவ். கறுப்பு. பெரிசாகப் பார்த்துப் போடு."
ஒவ்வொரு நாணயமாக எண்ணினாள்,
ரொட்டிக்கு நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி.
அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எழுபது.
தராசில் ஒரு ஆலிவ் கூடுதலாக விழுந்தது,
என் கை தவறி என்று சொல்லலாம்.
அதை எடுத்து ஜாடியிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

ஜெவ்தெத் அன்று மாலையே வந்தான்.
விஷயத்தைச் சொன்னேன்.
முக்காலியில் உட்கார்ந்து
பூனையைத் தடவிக்கொண்டே இருந்தான்.
அவன் முகத்தைப் பார்க்காமலிருக்க
நான் கணப்பைக் கிளறினேன், தேவைக்கு மேலேயே.
"அப்போ என் பக்கம் காலியா?"
"காலி."
"ஒரு கிலோ சர்க்கரை எழுதிக்கோ."

சிரிப்பும் கோபமும்
ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன.

கடன் என்ற சொல்லில்
வாங்கியதும் இருக்கிறது,
செய்தாக வேண்டியதும் இருக்கிறது.
இருபத்தாறு வருடமாக
முதலாவதை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தேனோ என்னவோ.

சர்க்கரையை எடைபோட்டேன்.
நோட்டைத் திறந்தேன்.
பேனா சட்டைப்பையிலேயே இருந்தது.
கல்லாவில், அலமாரியில், பூனைக்கு அடியில்
தேடிக் கண்டுபிடித்தேன்
ஒரு பென்சில்.