பதினெட்டு புள்ளி ஆறு

டோக்கன் நாற்பத்தொன்று.
கும்பகோணத்தில், செருப்பை வாசலில் விட்டுப் போகிற ஆஸ்பத்திரி.
"மங்களம்" என்று பாதியில் நிறுத்திக் கூப்பிட்டாள் நர்ஸ்.
மங்களாம்பிகை, என்றேன்.
பெயர் குறைந்தால் ரிப்போர்ட் மாறிப்போகும்.

டாக்டர் ஸ்கேன் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.
"கட்டி இருக்கு. எடுத்துடலாம்."
கட்டியையா?
"பையையே."
ரெண்டு பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு
என்று அவர் சொல்லவில்லை. நர்ஸ் சொன்னாள்.
அவர் கேட்டது காப்பீட்டு அட்டையை.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
பத்து மாதமாக, மாதத்தில் பன்னிரண்டு நாள்,
நாற்காலியில் சாக்கை மடித்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறவள்.

போன தை மாசம்
ஐயாறப்பன் என்று ஒருவர் வந்தார்.
ஈரப்பதம் பதினெட்டு புள்ளி ஆறு, என்றேன்.
பதினேழுக்கு மேல எடுக்கமாட்டோம்.
"எந்த மூட்டையிலேர்ந்து எடுத்தீங்க?
மேல் நெல்லா அடி நெல்லா?
மிஷினை இப்படித் திருப்புங்கம்மா, நானும் பாக்கறேன்."
அவருக்குப் பின்னால் நாற்பது டிராக்டர்.
நான் திருப்பவில்லை.
தார்ரோட்டில் கொட்டிக் காயவைத்தார் மூன்று நாள்.
மூன்றாம் நாள் மழை.

அந்த ஐயாறப்பன் இப்போது
என் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

எத்தனை சென்டிமீட்டர் சார்?
நாலு புள்ளி ரெண்டு.
சுவருக்குள்ளயா, வெளியிலயா?
எடுக்காம விட்டா என்ன ஆகும்?
எடுத்தா சினைப்பையும் கூடவே போகுமா?
எனக்கு நாற்பத்தாறு, தானா நிக்கிற வரைக்கும்
தள்ளிப்போட மருந்து இல்லையா?
எல்லாம் கரண்டு அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
எழுதாமல் போனால்
வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஆவியாகிவிடும்.

பேனாவை மூடினார்.
"போன்ல பாத்துட்டு வந்தீங்களா?"
போன்லயும் பாத்தேன். உங்களையும் கேக்கறேன்.
வீட்டுக்காரர் முழங்கையை இடித்தார்:
கோவப்படுத்தாத, நாளைக்கு அவர்தான் கத்தி பிடிக்கணும்.
டாக்டர் கதவைப் பார்த்தார். வெளியே நாற்பது பேர்.
எனக்குத் தெரியும் அந்த முகம்.
தை மாசம் முழுக்க நான் போட்டிருந்தது.

படம் எங்ககிட்டயே இருக்கட்டும், என்றாள் நர்ஸ்.
காசு கட்டினது நான், என்று கையை நீட்டினேன்.
நீட்டியது நீட்டியபடி இருந்தது,
அவள் உறையைத் தேடி எடுக்கும்வரை.

தஞ்சாவூர் பஸ். அய்யம்பேட்டை தாண்டி உட்கார இடம் கிடைத்தது.
பெரிய ஆஸ்பத்திரியில் நாலு மணி நேர வரிசை,
நாலு நிமிஷ டாக்டரம்மா.
சீட்டின் ஓரத்தில் ஒரு பையை வரைந்தாள்,
அதன் சுவரில் ஒரு புள்ளி வைத்தாள்.
"இதுக்கு இப்ப அவசரம் இல்ல.
ரத்தம் எட்டு புள்ளி ஒன்னு, அதுதான் அவசரம்.
ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன் பண்ணுவோம்.
அப்பவும் அடங்கலைன்னா எடுக்கவேண்டி வரலாம்."

எடுத்துடலாம். வரலாம்.
ரெண்டிலும் ஒரே லாம்தான்.
ஒன்றில் கதவு சாத்தியிருந்தது,
ஒன்றில் ஒருக்களித்திருந்தது.

இரும்பு மாத்திரை வயிற்றைக் கட்டுகிறது.
டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொன்னாள்,
பாதி நாள் மறந்துவிடுகிறேன்.
ஒன்பது புள்ளி நாலு வந்திருக்கிறது.
கட்டி அப்படியே இருக்கிறது.

குறுவைக்கு ஐயாறப்பன் மறுபடி வந்தார்.
என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை,
அதுதான் சங்கடமாக இருந்தது.
மிஷினை அவர் பக்கம் திருப்பினேன்.
பதினேழு புள்ளி ஒன்பது.
குனிந்து பார்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டு.
எடுக்க முடியாது என்பது அவருக்கே தெரிந்தது.
"வேற மூட்டையிலேர்ந்து ஒரு பிடி போட்டுப் பாப்பமா?"

பின்னால் டிராக்டர்கள் ஹாரன் அடித்தன.
எந்த மூட்டைன்னு நீங்களே காட்டுங்க, என்றேன்.