நஞ்சுத் தகவல் மையம், மூன்றாம் மேசை

க்தான்ஸ்க் நகரத்து ஜூலை
மனமில்லாமல்தான் இருட்டுகிறது.
பத்தரை மணிக்கும் ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி.
ஊரே விடுமுறையில்.
என் தொலைபேசிக்கு அதுதான் அறுவடைக் காலம்.

முதல் அழைப்பு.
மிட்டாய்போல் மினுங்கிய சலவைத் திரவப் பொட்டலத்தை
ஒன்றரை வயது கடித்துவிட்டது.
வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள்.
போனைக் குழந்தையின் பக்கம் கொண்டுபோங்கள்.
கேட்டேன்:
தடையில்லாமல் காற்று போய்வருகிற அழுகை.
நல்ல அழுகை.
இருமல் தொடங்கினால் உடனே கிளம்புங்கள் என்றேன்.
இந்த வேலையில்
அழுகையைத் தரம் பிரிக்கக் காது பழகிவிடுகிறது.

அடுத்தவர் லூபோமிர், கழிப்பறை கழுவியவர்.
ஒரு சீசா செய்கிற வேலையை
இரண்டு சீசா சீக்கிரம் முடிக்கும் என்று
கலந்துவிட்டாராம்.
வெளியே வாருங்கள், கதவைத் திறந்தே விடுங்கள்,
தொடைக்கக் கிடைக்க என்று திரும்பிப் போகாதீர்கள்.
படிக்கட்டில் உட்கார்ந்து
இருமலுக்கு நடுவே சொன்னார்:
முப்பது வருடம் வேதியியல் வாத்தியார் நான்,
அதை மட்டும் பதிவில் எழுதாதீர்கள் அம்மா.

தொபியாஷின் தாய் அழவில்லை, பதறவில்லை.
ஏரிக்கரையில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த செடி,
வெள்ளைக் குடை குடையாய்ப் பூ,
உள்ளே கூடான தண்டு.
பையன் அதை ஒடித்துத்
தொலைநோக்கியாக்கிக் கப்பல் பார்த்தான்.
வலிக்கவே இல்லை என்கிறானே?
இப்போது வலிக்காது.
அந்தச் சாறு வெயிலுக்காகக் காத்திருக்கும்.
கண்ணைத் தண்ணீரில் கால் மணி நேரம் அலசுங்கள்,
தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்,
இன்றிரவே கண் மருத்துவர்.
அப்புறம் இரண்டு நாள் திரை மூடிய அறை.
மொத்தம் நாலு நாள்தான் விடுமுறை என்றாள்.
அதற்கு என்னிடம் குறிப்பேடு இல்லை.

ஒன்று இருபது.
மசூரியாவின் ஏதோ ஒரு கரை. மழைச் சத்தம்.
தலைவலிக்கு எந்த மாத்திரை எடுக்கலாம்?
பெயர் ஹல்ஷ்கா. நாக்கு இழுத்துப் பேசினாள்.
கணவர்?
தூங்குகிறார், எழுப்பினால் எழவில்லை, நல்ல களைப்பு.
மழை என்று கரியடுப்பைக்
கூடாரத்துக்குள் எடுத்து வைத்தோம்.
தீ அணைந்துவிட்டது,
கரி மட்டும் சிவப்பாக, அழகாக...

ஜிப்பைத் திற.
பதினொரு வருடத்தில் முதல் முறையாக
என் வாயிலிருந்து மரியாதை கழன்று விழுந்தது.
திறடி. வெளியே போ. மூச்சை இழு.
இப்போது அவன் காலைப் பிடித்து இழு.
பக்கத்து மேசை போகுமிலா
ஆம்புலன்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
ஜிப் கிழிகிற ஓசை.
பிறகு மழை மட்டும்.
மழை.
இன்னும் மழை.
காட்டுப் பாதை, இருபத்து நாலு நிமிடம்.
அவன் மூச்சை அவள் எண்ண,
அவள் எண்ணிக்கையை நான் எண்ண,
நீல விளக்கு மரங்களில் தெரிகிறது என்றபோது
ஓர் ஆண் குரல்
மழையைத் திட்டியது, அச்சில் ஏற்ற முடியாத சொல்லால்.
பதிவில் எழுதினேன்: நோயாளி பேசுகிறார்.

ஆறு மணிக்கு வீடு.
தொட்டிக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் நார் தேடினேன்.
கையில் வந்தது எலுமிச்சை பானப் பாட்டில்.
போன வாரம் பால்கனிக் கம்பிக்குச் சாயம் அடித்தபோது
மிஞ்சிய தின்னரை
நான்தான், இந்தக் கையால்தான்,
அதில் ஊற்றி வைத்தேன்.
அன்று முக்கால் இருந்ததா? பாதியா?

என்ன, எவ்வளவு, எப்போது,
மூச்சு இருக்கிறதா:
என் கேள்விகளே என்னைக் கேட்டன.
படுக்கையறை வாசலில் போய் நின்றேன்.
குறட்டை.
செருப்பைக்கூடக் கழற்றாமல்
அதைத் தரம் பிரித்துக்கொண்டு நின்றேன்.