ரெண்டு சோறு தூரம்

சுகாதார நிலையம் எவ்வளவு தூரம் என்றேன்.
"ரெண்டு சோறு வேகும் தூரம்"
என்றாள் வுலுலுனா,
தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் ஏற்றியபடி.
மடகாஸ்கர் மழையில்
என் கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது.

செம்மண் சேறு.
முதல் சோறு வெந்து முடிகிற இடத்தில்
ஒரு மரப்பாலம்.
அதில் நின்று கேட்டேன்:
பிப்ரவரியில்?
பழைய நெல் தீர்ந்து
புதியது பால் பிடிக்கும் மாதத்தில்,
பால் டின்னால் அளந்து
அரிசி கடன் வாங்கும் மாதத்தில்?

அவள் சிரிக்கவில்லை.
"அப்போது மரவள்ளிதான் வேகும்.
சீக்கிரம் வெந்துவிடும்.
வழி குறையாது."

மாலை அவள் வீட்டில்
பானையடித் தீய்ச்சலில் நீர் ஊற்றிக்
கொதிக்கவிட்டுக் கொடுத்தாள்.
கருகல் மணக்கும் பொன்னிறத் தண்ணீர்.
ஊதி ஊதிக் குடித்தோம்.
பக்கத்து வீட்டில்
அப்போதுதான்
அரிசி களையும் சத்தம்.